நோய் உறங்கலாம், காவல் உறங்கலாகாது

தன்னெதிர்ப்பு ஈரல் நோயும் புலம்பெயர்ந்த எமது குடும்பங்களும்

ஒருவருக்கு ஈரலில் நோய் என்று கேள்வியுற்றதும் எம்மவர் மத்தியில் இரண்டு எண்ணங்கள் உடனே எழுகின்றன. நோயாளி மதுவுக்கு அடிமைப்பட்டவராக இருப்பார் என்பது ஒன்று. செங்கமாரிதானே, கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுத்தால் மாறிவிடும் என்பது மற்றையது. மதுவைக் கையாலும் தொட்டிராத பெண்களையும், பள்ளி செல்லும் பிள்ளைகளையும் பீடிக்கின்ற ஈரல் நோய்களும் உண்டு என்பதை எம்மிற் பலர் அறியார். அவை மாறிவிட்டன போலத் தோன்றும் காலத்திலும் இடையறாத கண்காணிப்பை வேண்டி நிற்பவை என்பதை அறிந்தோர் அதனிலும் குறைவு. அத்தகைய நோய்கள் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது.

லெ பிளாங்-மெனிலில் வசிக்கும் ஒரு தாயை மனத்தில் இருத்திக்கொள்வோம். அவர் குறித்த ஒருவரல்லர். எமது குடும்பங்கள் பலவற்றின் நிலைமைகளைச் சேர்த்து நாம் புனைந்துகொண்ட ஓர் உருவம். விடியுமுன்னே எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போகிறார். ஓய்வு நாளில் தொடருந்தேறி, கார் து நோரில் இறங்கி, லா சப்பல் கடைகளில் மரக்கறியும் மீனும் வாங்கி வருகிறார். சில மாதங்களாக அவருக்குத் தீராத களைப்பு, மூட்டுக்களில் நோவு. வேலைப்பளுவென எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார். ஒருநாள் பிள்ளைதான் முதலில் கவனிக்கிறது: "அம்மா, உங்கட கண் மஞ்சளாய்க் கிடக்குது."

வைத்தியசாலையில் பல பரிசோதனைகளின் பின்னர் நோயின் பெயர் தெரியவருகிறது. குளிசைகள் தரப்படுகின்றன. சில மாதங்களில் மஞ்சள் மறைகிறது, களைப்பு நீங்குகிறது, வேலைக்கும் திரும்பிவிடுகிறார். இப்போது அவர் மனத்தில் நியாயமானதொரு கேள்வி எழுகின்றது. சுகம் வந்துவிட்டதே, இனியும் ஏன் குளிசை? அரைநாட் சம்பளத்தை இழந்து, மூன்று மாதத்துக்கொரு முறை குருதி கொடுக்க ஏன் போகவேண்டும்? இந்தக் கேள்விக்கு அவர் காணும் விடையிலேயே அவரது எஞ்சிய வாழ்நாள் தங்கியுள்ளது.

வேலியே பயிரை மேயும் நோய்

கிருமிகளிடமிருந்து எம்மைக் காப்பது உடலின் நிர்ப்பீடனத் தொகுதி. தன்னுடைய கலம் எது, அந்நியப் பொருள் எது என்று பிரித்தறிவதே அதன் முதல் வேலை. ஏதோவொரு காரணத்தால் அந்தப் பகுத்தறிவு பிசகும்போது, அது சொந்த உறுப்பையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகின்றது. வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடியும் இந்நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறோம். இவை தொற்றுநோய்களல்ல. ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, பிள்ளையை அணைப்பதாலோ பரவுவதில்லை. நோயாளி செய்த எந்தத் தவறின் விளைவுமல்ல.

ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, ஈரற் கலங்களையே நேரடியாகத் தாக்கும் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி. இது எவ்வயதிலும் வரலாம். நோயாளருள் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். இரண்டாவது, ஈரலினுள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களை மெல்ல மெல்ல அழிப்பது. நடுவயதுப் பெண்களையே பெரும்பாலும் பீடிக்கும் இந்நோய் உடலெங்கும் அரிப்பையும் பெருங் களைப்பையும் தருவது. முன்னர் இதன் பெயரில் 'சிரோசிஸ்' என்ற சொல் இருந்தது. மதுப்பழக்கத்தால் வருவதென்ற அவப்பெயரை அச்சொல் நோயாளர் மீது சுமத்தியமையாலும், அவர்களுட் பெரும்பாலானோருக்குச் சிரோசிஸ் நிலை ஏற்படாமையாலும், 2015 இல் அச்சொல் நீக்கப்பட்டுப் பெயர் மாற்றப்பட்டது. மூன்றாவது, பெரிய பித்தக் குழாய்களைத் தழும்பாக்கி ஒடுக்குவது. இது ஆண்களிடம் கூடுதலாகவும், குடல் அழற்சி நோயுடன் சேர்ந்தும் காணப்படும்.

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்றுண்டு. ஈரல் நோவைக் காட்டாத உறுப்பு. பெரும்பகுதி பழுதடையும் வரை அது தன் கடமையைச் செய்துகொண்டேயிருக்கும். தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி கண்டறியப்படும் வளர்ந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் வரை, அந்த முதல் நாளிலேயே ஈரல் தழும்பேறி இறுகிய சிரோசிஸ் நிலையை அடைந்திருக்கின்றனர். ஆகவே, 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்ற நோயாளியின் சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. குருதியைத்தான் கேட்கவேண்டும்.

லண்டனில் கிடைத்த பாடம்

இந்நோய்க்கு மருந்து உண்டா என்ற ஐயம் நிலவிய காலமொன்று இருந்தது. லண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையில் பணியாற்றியவரும், ஈரல் மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தோருள் முதன்மையானவருமான ஷீலா ஷேர்லொக் அம்மையாரும் அவரது சகாக்களும் 1971 இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். நாட்பட்ட ஈரல் அழற்சியுற்ற 49 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். 22 பேருக்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து வழங்கப்பட்டது; 27 பேருக்கு வழங்கப்படவில்லை. மருந்து பெற்றோருள் 3 பேரும், பெறாதோருள் 15 பேரும் இறந்தனர்.

ஆய்வாளர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. அதே நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து 1980 இல் மீண்டும் எழுதினர். பத்தாண்டுகள் கடந்து உயிருடனிருந்தோர், மருந்து பெற்ற பிரிவில் 63 சதவீதம். பெறாத பிரிவில் 27 சதவீதம். மருந்தின் பயனை உலகம் உறுதியாக அறிந்தது நீண்டகால அவதானிப்பின் மூலமே என்பது கவனிக்கத் தக்கது.

இன்று பெரும்பாலும் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துடன் சிகிச்சை தொடங்கப்படுகின்றது. பின்னர் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்து, அசத்தியோப்பிரின் என்ற மருந்தினால் நோயை அடக்கி வைக்கின்றனர். இது நோயை வேரோடு களைவதன்று, அடக்கி உறங்கவைப்பது. குருதி அளவுகள் யாவும் சீராகிய பின்னரும் குறைந்தது இரண்டாண்டுகள் மருந்து தொடரப்படவேண்டும் என்பது ஐரோப்பிய ஈரல் மருத்துவர்களின் 2015 ஆம் ஆண்டு நெறிமுறை. அவ்வாறு முறையாக நிறுத்தினாலும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்புகின்றது. பலருக்கு ஆயுள் முழுவதும் மருந்து தேவைப்படுகின்றது. முறையான நிறுத்தத்துக்கே இந்நிலையெனில், தாமாகவே ஒருநாள் குளிசைப் பெட்டியை மூடிவைப்போரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

ஸ்டீரொயிட் மருந்தைத் திடீரென நிறுத்துவதில் இன்னுமோர் அபாயமும் உண்டு. எமது உடலிலுள்ள அதிரினற் சுரப்பிகள் இயல்பாகச் சுரக்கும் ஓமோனை ஒத்ததே இம்மருந்து. வெளியிலிருந்து வருவதால் அச்சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துவிடுகின்றன. மருந்து சட்டென்று நின்றால், சுரப்பி விழித்தெழுமுன் உடல் தளர்ந்து, குருதி அமுக்கம் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பாரிஸ் தந்த மருந்து

பித்தக் குழாய் நோய்க்கான மருந்தின் வரலாறு, நாம் வாழும் இந்நகரோடு பிணைந்தது. பாரிஸ் 12 ஆம் வட்டாரத்திலுள்ள சந்-அந்துவான் வைத்தியசாலையின் ரவுல் பூபோனும் சகாக்களும், பித்தத்தில் இயல்பாகவே சிறிதளவு காணப்படும் உர்சோடியொக்சிகோலிக் அமிலத்தை 15 நோயாளருக்குக் கொடுத்து, பெற்ற பலனை 1987 இல் வெளியிட்டனர். 146 நோயாளர் பங்குகொண்ட பெரிய ஆய்வொன்று 1991 இல் அதனை உறுதிசெய்தது. இன்று உலகெங்கும் அந்நோய்க்கு முதலில் வழங்கப்படும் மருந்து அதுவே. அது போதிய பலன் தராதோருக்குப் பெசாபைபிரேற் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நன்மை உண்டென, 100 நோயாளரைக் கொண்டு 2018 இல் காட்டியதும் சந்-அந்துவானைச் சேர்ந்த ஆய்வாளர்களே. தன்னெதிர்ப்பு ஈரல் நோய்களுக்கான பிரான்சின் தேசிய மேற்கோள் நிலையமும் அங்கேயே இயங்குகின்றது.

'போதிய பலன்' என்பதை எவ்வாறு அறிவது? ஓராண்டு மருந்து உட்கொண்ட பின்னர் குருதியின் சில அளவுகளைப் பார்த்து அறிவர். உலக மருத்துவர் கையாளும் அந்த அளவுகோல்களுள் ஒன்று 'பாரிஸ் அளவுகோல்' என்றே அழைக்கப்படுகின்றது. ஓராண்டு கழித்து அந்தப் பரிசோதனைக்குச் செல்லாத நோயாளிக்குத் தம் மருந்து வேலைசெய்கின்றதா என்பதே தெரியாமற் போகும்.

எதைக் கண்காணிக்கின்றனர்?

குருதிப் பரிசோதனையின் அறிக்கையைக் கையில் வாங்கியதும் மடித்து வைத்துவிடாமல், அதில் உள்ளவை என்னவென்று அறிந்துகொள்வது நன்று. பிரெஞ்சு அறிக்கைகளில் 'அலாட்', 'அசாட்' என்று குறிக்கப்படுபவை ஈரற் கலங்களிலுள்ள நொதியங்கள். கலங்கள் காயமுறும்போது இவை குருதியிற் கசிந்து உயரும். பித்தக் குழாய்கள் பாதிப்புறும்போது 'பொஸ்பட்டாஸ் அல்கலீன்', 'காமா-ஜேதே' ஆகியவை உயரும். இம்மியூனோகுளோபுலின் ஜி என்ற புரதம் நிர்ப்பீடனத் தொகுதியின் கொதிப்பைக் காட்டும். தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சியில் நொதியங்களும் இப்புரதமும் ஒருங்கே சீரானாற்றான் நோய் உறங்குகின்றது எனக் கொள்வர்.

அசத்தியோப்பிரின் வெண்குருதிக் கலங்களைக் குறைக்கக்கூடியது. ஆகையால் தொடக்கத்தில் ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறையும், நிலைமை சீரான பின் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் குருதிக் கலங்களின் எண்ணிக்கை பார்க்கப்படும். மூட்டுவாதத்துக்கு எடுக்கும் அலொப்பியூரினோல் என்ற மருந்து இதனுடன் சேர்ந்தால் பெருந்தீங்கு விளைவிக்கும். ஆகவே எந்த வைத்தியரிடம் சென்றாலும், எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் சொல்லவேண்டும்.

ஸ்டீரொயிட் எடுப்போருக்குச் சீனியின் அளவு, குருதி அமுக்கம், எலும்பின் அடர்த்தி, கண் ஆகியவையும் பரிசோதிக்கப்படும். சலரோகம் எமது குடும்பங்களில் ஏற்கெனவே மிகுந்திருப்பதால் இது எமக்குக் கூடுதலாகப் பொருந்தும். முகம் பருத்தல், உடல் பெருத்தல் என்பன இளம்பெண்களையும் வளரும் பிள்ளைகளையும் மனம் நோகச் செய்வன. அதற்காக இரகசியமாகக் குளிசையைக் கைவிடுவோர் உண்டு. அந்த மனவருத்தத்தை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு, மறைத்தால் வழியில்லை.

ஈரல் எவ்வளவு இறுகியுள்ளது என்பதை ஒலியலை கொண்டு நோவின்றி அளக்கும் 'பைபிரோஸ்கான்' கருவியும் பாரிஸில் உருவாக்கப்பட்டு 2003 இல் பாவனைக்கு வந்ததே. சிரோசிஸ் நிலையை அடைந்தோருக்கு ஆறு மாதங்களுக்கொரு முறை எக்கோகிராபி எடுக்கப்படும். ஈரலில் புற்றுநோய் தோன்றினால் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்து அகற்றுவதற்காகவே இந்த ஆறு மாதக் கணக்கு. ஒரு தவணையைத் தவறவிட்டால் அது ஓராண்டாகிவிடும்.

பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறவேண்டும். அசத்தியோப்பிரினைக் கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடரலாம். மைக்கோபினொலேற் என்ற மருந்து சிசுவுக்குத் தீங்கானது, அதனை முன்னரே மாற்றவேண்டும். பிள்ளை பிறந்த பின்வரும் மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்குவது வழக்கம். அக்காலத்தில் தாயின் கவனமெல்லாம் குழந்தை மீதிருக்கும். தாயைக் கவனிப்பது மற்றையோர் பொறுப்பு.

எம்மண்ணோடு வந்த சில விடயங்கள்

நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து தொடங்குமுன் வைத்தியர் 'எந்த நாட்டிற் பிறந்தீர்கள்?' என்று கேட்பார். அது அகதி அலுவலகத்தின் விசாரணையன்று. அதற்கு மருத்துவக் காரணமுண்டு. வெப்பநாடுகளில் வெறுங்காலுடன் மண்ணில் நடந்தோரின் தோலினூடாகப் புகும் ஸ்ட்ரொங்கிலொயிடஸ் என்ற நுண்புழு, பல பத்தாண்டுகள் உடலில் ஓசையின்றி வாழவல்லது. ஸ்டீரொயிட் மருந்து தொடங்கியதும் அது பல்கிப் பெருகி உயிருக்கே உலை வைக்கலாம். முன்கூட்டியே கொடுக்கும் ஐவர்மெக்ரின் குளிசை அந்த ஆபத்தைத் தடுக்கும். உறங்கிக் கிடக்கும் காசநோயும் ஈரல் அழற்சி 'பி' வைரசும் அவ்வாறே விழித்தெழக்கூடியவை. ஊரில் இருந்ததை மறைக்காமல் சொல்வது இங்கே உயிர்காக்கும்.

மூலிகை பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். எமது மருத்துவ மரபை இழிவுபடுத்துவது எமது நோக்கமன்று. ஆயினும் 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்ற முடிவு பிழையானது. கொரோனாக் காலத்தில் இந்தியாவில் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குமென நம்பிப் பலர் சீந்திற்கொடி மருந்துகளை அருந்தினர். அவர்களுள் ஈரல் பாதிப்புற்ற 6 பேரைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021 இல் எழுதினர். 2022 இல் இந்தியாவின் 13 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து 43 நோயாளரின் விபரங்களை வெளியிட்டன. அவர்களுட் பலரிடம் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சியின் அடையாளங்கள் காணப்பட்டன. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு இக்கூற்றை ஏற்கவில்லை. எவ்வாறாயினும், தன்னைத் தானே தாக்கும் நிர்ப்பீடனத்தை அடக்க மருந்து எடுக்கும் ஒருவர், அதே நிர்ப்பீடனத்தைத் தூண்டும் பொருளை வாங்கி அருந்துவது முரணானது என்பதை எவரும் உணர்வர். கறியில் இடும் மஞ்சள் வேறு; மஞ்சட் சாற்றைச் செறிவாக்கி விற்கும் குளிசை வேறு. பின்னையதாலும் ஈரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன.

காகிதங்களும் உரிமைகளும்

எமது மக்களிடையே கண்காணிப்பு அறுந்துபோவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. வீடு மாறியதால் கடிதம் வந்து சேராமை, வேலை இழக்கும் அச்சம், செலவு பற்றிய பயம், மொழி ஆகிய இவையே பெருந்தடைகள். இவை ஒவ்வொன்றுக்கும் இந்நாட்டில் ஏதோவொரு வழி இருக்கின்றது.

செலவு: நாட்பட்ட செயற்படு ஈரல் நோய்களும் சிரோசிஸும் பிரான்சின் 'ஆ.எல்.டே.' எனப்படும் நெடுங்கால நோய்களின் பட்டியலில் 6 ஆம் இலக்கத்தில் உள்ளன. குடும்ப வைத்தியர் அதற்கான பத்திரத்தை நிரப்பி அனுப்பிச் சமூகக் காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொண்டால், அந்நோய்க்கான வைத்தியச் செலவு காப்புறுதிக் கட்டண அளவில் நூறு வீதம் பொறுப்பேற்கப்படும். சில சிறு கட்டணங்கள் நோயாளியைச் சாரும். குறைந்த வருமானமுள்ளோருக்கான மேலதிகக் காப்புறுதி அவற்றிலும் கைகொடுக்கும். இப்பத்திரம் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படவேண்டும்.

வதிவிட உரிமை இல்லாதோர்: அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் மருத்துவப் பாதுகாப்பு அன்றே அற்றுவிடுவதில்லை, சில மாதங்கள் நீடிக்கும். அதற்குள் 2000 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள அரச மருத்துவ உதவியான 'ஆ.எம்.ஏ.'க்கு விண்ணப்பிக்கலாம். அது ஓராண்டுக்கே செல்லுபடியாகும் என்பதை மறக்கலாகாது. எக்காகிதமும் கையில் இல்லாதோருக்காக, 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரச வைத்தியசாலைகளில் 'பாஸ்' எனும் பிரிவுகள் அமைக்கப்பட்டுள்ளன. 1979 இல் தொடங்கப்பட்ட 'கொமேட்' அமைப்பு, அகதிகளின் உடல்நலத்துக்கெனவே பணியாற்றுகின்றது.

இடம்: லா சப்பலுக்கு அருகே லாரிபுவாசியேர் வைத்தியசாலை உள்ளது. லெ பிளாங்-மெனில் மக்களுக்குப் போபினியின் அவிசென் வைத்தியசாலை தொலைவன்று. அது 1935 இல் வட ஆபிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் மக்களுக்கெனத் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஈரல் நோய்ப் பிரிவும் உண்டு.

மொழி: வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளரைக் கோருவது தயவு கேட்பதன்று. மருத்துவத்தில் மொழிபெயர்ப்பின் இடத்தை 2016 ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் ஏற்றுள்ளது. தொலைபேசி மூலமும் அது நடைபெறலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, 'உங்கள் தாயின் ஈரல் சுருங்கிவிட்டது' என்பதை அதன் வாயாலேயே தமிழிற் சொல்லவைப்பது அப்பிள்ளை சுமக்கக்கூடிய சுமையல்ல. தாயும் தன் நோவை முழுமையாகச் சொல்லமாட்டார்.

ஒரு கோவையும் ஒரு நாட்காட்டியும்

நாம் முதலிற் கண்ட தாயிடம் மீண்டும் வருவோம். அவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். அகதி விண்ணப்பக் காகிதங்களை எத்தனை கவனமாக ஒரு கோவையிலிட்டு, வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் தூக்கிச் சென்றோமோ, அதே கவனத்துடன் இன்னுமொரு கோவையை வைத்திருங்கள். அதில் குருதி அறிக்கைகளைத் திகதி வாரியாக அடுக்குங்கள். மருந்துச் சீட்டு முடிவதற்கு இரு வாரங்கள் முன்னரே அடுத்ததைப் பெறுங்கள். வீடு மாறினால் வைத்தியசாலைக்கும் காப்புறுதிக்கும் புதிய விலாசத்தைத் தெரிவியுங்கள். ஊருக்குப் போவதெனின் முழுக் காலத்துக்கும் வேண்டிய மருந்தைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தடுப்பூசி போடுமுன்னும் கேளுங்கள், ஏனெனில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் உங்களுக்கு ஆகா. காய்ச்சல் கண்டால், கண் மஞ்சளித்தால், வாந்தியால் குளிசை தங்காவிட்டால், தவணை நாளுக்காகக் காத்திராதீர்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. 'உனக்கு இப்ப சுகம்தானே, ஏன் வேலையைக் கெடுத்துக்கொண்டு போறாய்?' என்று கேட்காதீர்கள். அவர் சுகமாயிருப்பது அவ்வாறு போய்வருவதனாலேயே. தவணை நாளன்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒருவர், வீட்டில் உலை வைக்க ஒருவர் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால், மூன்று மாதத்துக்கொரு அரைநாள் எந்தக் குடும்பத்துக்கும் பெரும் இழப்பாகாது. இந்நோயுடன், முறையான கண்காணிப்பில், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிப் பேரப்பிள்ளைகளையும் கண்டு மகிழ்வோர் ஏராளம். எமது தாய்மாரும் சகோதரிகளும் அவர்களுள் இருக்கவேண்டும் என்பதே எமது அவா.